மூன்றாம் பாகத்தில் எலும்பு சீக்கிரம் கூடிவிட்டது

தாய்லாந்துச் சண்டை நடிகர் டோனி ஜாவின் ‘ஓங் பாக் 3’ சரியில்லாத படம் என்று சொல்ல இத்தனை வருஷம் கழித்து ஒரு கட்டுரை எதற்கு என்று அண்ணன் கேட்கிறான். நியாயமான கேள்விதான். படம் வந்தது 2010இல். அப்போதே ஆளாளுக்குத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். சண்டை குறைவு, தியானம் அதிகம் என்பது அன்றைக்குப் பரவலாகக் கேட்ட குறை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சண்டையே இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடியிருந்தாலும் நான் எழுந்து போயிருக்க மாட்டேன். என் மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல முதல் படத்திலிருந்து வர வேண்டும், கொஞ்சம் எங்கள் ஊர் வழியாகவும் வர வேண்டும்.

ஊர் பாடாங் செராய். மலேசியாவின் கெடா மாநிலத்தில் தெற்கே, கூலிமுக்கும் சுங்கை பட்டாணிக்கும் இடையில். விக்டோரியா, ஹென்ரியேட்டா என்று யாரோ வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் பெயர் தாங்கிய தோட்டங்கள் ஊரைச் சுற்றி. ரப்பர்ப் பால்மரம் போய் எண்ணெய்ப் பனையான செம்பனை வந்தது. செம்பனையும் போன இடங்களில் தாமான்கள், அதாவது வீடமைப்புக் குடியிருப்புகள், வந்தன. லயத்து வீட்டில் பிறந்து தாமான் வீட்டில் குடியேறிய தலைமுறை நாங்கள். இங்கிருந்து வடக்கே காரில் இரண்டு மணி நேரம் போனால் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை. தாண்டினால் டன்னோக், அப்புறம் ஹட்யாய். கெடாவே 1909 வரை சயாமுக்குத் தங்கப்பூ கப்பம் கட்டிய நாடு. ஆகவே தாய்லாந்து எங்களுக்கு ஏதோ தூர தேசம் இல்லை. ஆனால் பெரியவர்கள் அதைத் தாய்லாந்து என்று சொல்லவே மாட்டார்கள், சயாம்தான். என் பாட்டிக்கு அந்தப் பெயரே ஆகாது. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டங்களிலிருந்து ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போனார்களே, அதில் போன அவருடைய அண்ணன் திரும்பவில்லை.

அப்படிப்பட்ட பாட்டி ஒரு சயாம் படத்தை முழுசாக உட்கார்ந்து பார்த்தார் என்றால் அது ‘ஓங் பாக்’தான்.

படம் 2003இல் தாய்லாந்தில் வந்தது. எங்கள் வீட்டுக்கு அது அடுத்த வருஷம் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை வழியாக வந்தது. மங்கலாக நகலெடுத்த அட்டை, நெகிழி உறைக்குள் இரண்டு சிடி, படத்தில் ஒருவன் பேசி முடித்த பிறகு வந்து சேரும் மலாய் எழுத்துகள். திரையரங்கில் பார்த்தேன் என்று பொய் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் சினிமா என்றாலே வி.சி.டி.தான். அதற்கு முன்னால், அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது, தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்களாம். துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு எம்.ஜி.ஆர். இடது கையால் கத்தி வீசுவாராம்.

படம் ஒரு மரத்தில் தொடங்கும். உச்சியில் ஒரு துணி. உடம்பெல்லாம் சேறு பூசிய இளவட்டங்கள் அதைப் பறிக்க ஏறுகிறார்கள். ஒருவன் காலை ஒருவன் பிடித்து இழுக்கிறான், இன்னொருவன் நெஞ்சில் உதைத்துத் தள்ளுகிறான், கிளையில் இடித்துக்கொண்டு பொத்துப் பொத்தென்று கீழே விழுகிறார்கள். திருவிழா வழுக்கு மரம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “இவனுங்க நெசமாவே விழறானுங்கடா” என்றார்.

கதை ஒரு வரிதான். ஊர்க் கோயிலில் இருக்கும் புத்தர் சிலையின் தலையை ஒருவன் வெட்டி எடுத்துக்கொண்டு பேங்காக் போய்விடுகிறான். டிங் என்ற பையன் அதை மீட்டுக் கொண்டுவரப் புறப்படுகிறான். வழிச்செலவுக்கு ஊரே கையில் இருப்பதைக் கொடுக்கிறது. பேங்காக் போனதும் ஹம்லே என்பவன், இவனும் அதே ஊர்க்காரன், பேரை மாற்றிக்கொண்டு பட்டணத்துச் சூதாடியாகத் திரிகிறவன், அந்தப் பணப்பையைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு கள்ளச் சண்டைக் கூடத்தில் பந்தயம் கட்டிவிடுகிறான். பையைத் தேடி வரும் டிங், வேறு வழியில்லாமல் வட்டத்துக்குள் கால் வைக்கிறான். எதிராளி ஓடி வருகிறான். ஒரே அடி. ஆள் காலி. கூட்டம் வாயடைத்து நிற்கும்போது டிங் பணத்தை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறான்.

இந்த வரிசையிலேயே சிறந்த சண்டை எது என்று என்னைக் கேட்டால், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துபோகும் இதைத்தான் சொல்வேன். அந்த ஒரு அடிக்குப் பின்னால் ஓர் ஊர்க் கிழவிகளின் சில்லறைக் காசு இருக்கிறது. மேலும், கற்ற வித்தையைச் சண்டைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிக் கொடுத்த துறவி வாக்கு வாங்கியிருக்கிறார். அடிக்கக் கூடாதவன் அடிக்கிறான். அடித்ததில் அவனுக்குப் பெருமையும் இல்லை. அவனுக்கு வேண்டியது பை.

பாட்டி நடுவில் இரண்டு தடவை கண் அசந்தார். எழுந்ததும் ஒரே கேள்விதான் கேட்டார். “சாமி தலையக் கொண்டாந்துட்டானா?” இல்லை என்றதும் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். தோட்டம் கைமாறி, முனியாண்டி கோயிலைப் பெயர்த்து வேறு இடத்தில் வைக்க வேண்டிவந்தபோது சாமியை லாரியில் ஏற்றிய நாளைக் கண்ணால் பார்த்தவர் அவர். சிலையை ஊருக்குக் கொண்டுவருவது என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி உடம்பு விஷயம். கம்பி இல்லை, கணினி வேலை இல்லை, மாற்று ஆள் இல்லை என்று சொல்லித்தான் படத்தையே விற்றார்கள். டோனி ஜாவின் சொந்தப் பெயர் பனோம் யீரம். கிழக்கே சுரின் மாகாணத்தில் யானை வளர்க்கும் குடும்பம். சின்ன வயதில் கோயில் திருவிழாத் திரையில் புரூஸ் லீ, ஜாக்கி சான் பார்த்துவிட்டு வயலில் குதித்துப் பழகிய பையன். பன்னா ரித்திக்ராய் என்ற சண்டைப் பயிற்சியாளரிடம் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்கில் அடிபட்டுக் கற்றவன். ‘மோர்ட்டல் காம்பட்’ படத்தின் இரண்டாம் பாகத்தில், 1997இல், கதாநாயகனுக்கு மாற்று ஆளாகக் குதித்திருக்கிறான். அந்தப் படம் எப்படிப்பட்ட தொடர்ச்சி என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் பன்னாவும் இவனும் சேர்ந்து முவே தாய் என்ற தாய்லாந்துக் குத்துச்சண்டையின் பழைய வித்தைகளை ஒரு மாதிரிச் சுருளாக எடுத்து இயக்குநர் பிராச்சியா பின்கேவிடம் காட்டினார்கள். அதிலிருந்து வந்ததுதான் ‘ஓங் பாக்’.

அதில் பெரிய தாவல் வந்தால் உடனே அதையே வேறு கோணத்தில் மறுபடி காட்டுவார்கள். சில சமயம் மூன்றாவது தடவையும். சினிமா இலக்கணப்படி இது தப்பு, கதை நின்றுபோகும். எங்கள் கூடத்திலோ அந்த இரண்டாம் முறைதான் கைத்தட்டல் வாங்கியது. முதல் முறை ‘ஆ’ என்று வாய் பிளந்தவர்கள் இரண்டாம் முறை அதில் பொய் தேடினார்கள். கிடைக்கவில்லை. முள்கம்பி வளையத்துக்குள் புகுந்து போகிறான், ஓடும் வேகத்தில் காலை விரித்துக்கொண்டு காருக்கு அடியில் சறுக்குகிறான், கடைசியில் கால் இரண்டும் எரிய எரிய உதைக்கிறான். நெருப்பும் நெஜ நெருப்பு.

ஒரு சின்னத் தகவல், பிடித்ததால் சொல்கிறேன். அந்தத் தெருத் துரத்தலில் பின்னால் ஒரு சுவரில், பிரெஞ்சு இயக்குநர் லுக் பெசோனுக்கு, உங்களுக்காகக் காத்திருக்கிறோம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் கிறுக்கி வைத்திருப்பார்கள். இன்னொரு இடத்தில் ஸ்பீல்பெர்க்குக்கும் ஒரு வணக்கம். கடிதம் எழுதக் காசில்லாதவன் சுவரில் எழுதிய மாதிரி. பெசோனின் நிறுவனம் பிற்பாடு வெளிநாட்டு உரிமையை வாங்கிப் படத்தை ஐரோப்பாவில் வெளியிட்டது. அந்தச் சுவரைப் பார்த்தாரா இல்லையா என்பது வேறு விஷயம்.

2005இல் வந்த ‘தோம் யாம் கூங்’ இந்த வரிசையில் சேராது. ஆனால் அதே கூட்டணி, அதே பாணி. யானையைக் கடத்துகிறார்கள், பையன் சிட்னி வரைக்கும் தேடிப் போகிறான். படிக்கட்டு உணவகத்தில் வெட்டே இல்லாமல் ஏறக்குறைய நான்கு நிமிடம் ஒரே ஓட்டமாக அடித்துக்கொண்டு மேலே போவான். மேலே போகப் போக அவனுக்கு மூச்சு வாங்குவது தெரியும். அதையும் மறைக்கவில்லை. சாமி தலையைக் கொண்டு வா, யானையைக் கொண்டு வா. இரண்டு படத்திலும் அவனுக்கு என்ன வேண்டும் என்பதைக் கண் அசந்து எழுந்தவரும் ஒரு கேள்வியில் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து 2008 டிசம்பரில் ‘ஓங் பாக் 2’. இந்தத் தடவை டோனி ஜாவே இயக்குநர். பெயர்தான் இரண்டு. முதல் கதைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காலம் பதினைந்தாம் நூற்றாண்டு, அயுத்தயா அரசு விரியும் நேரம். தியென் என்ற பிரபு மகன், தகப்பனைக் கொன்றவர்களைத் தேடுகிறான். கொள்ளைக் கூட்டத் தலைவன் ஒருவன் அவனை எடுத்து வளர்க்கிறான். அங்கே வாள், கம்பு, கயிறு, குங்ஃபூ, குடிகாரச் சண்டை எல்லாம் படிக்கிறான். யானை மந்தையின் முதுகு மேல் ஓடி, தலைமை யானையை மண்டியிட வைக்கும் ஒரு காட்சி இருக்கிறது. பார்க்கக் கண் போதாது. கடைசிக் கால் மணி நேரச் சண்டைக்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் மார்க் போடுவேன். கதைக்கு அவ்வளவு போட மனசு வரவில்லை.

அதன் முடிவுதான் எங்கள் தாமானில் பெரிய கலாட்டா ஆனது. தியென் எல்லாரையும் அடித்துப் போட்டுவிட்டு, காக்கைப் பேய் மாதிரி வரும் பூத்தி சாங்காவிடம் அடிவாங்கி, படை வீரர்கள் சூழ நிற்கிறான். சுற்றிலும் ஈட்டி. பின்னணியில் ஒரு குரல், அவன் விதி மாறலாம் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறது. பெயர்கள் ஓடத் தொடங்கிவிட்டன. அண்ணன் சிடியை வெளியே எடுத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தான். முதல் சிடியைத் திரும்பப் போட்டுப் பார்த்தான். மூன்றாவது சிடியைக் கடைக்காரன் கொடுக்காமல் ஏமாற்றிவிட்டான் என்று முடிவுகட்டி, அடுத்த வாரம் பாசார் மாலாமில் போய் நின்றான். அங்கே அவனுக்கு முன்னாலேயே ஒரு கூட்டம் அதே கேள்வியோடு நின்றுகொண்டிருந்தது. வியாபாரி சலித்துப்போய்ச் சொன்னாராம்: “தம்பி, படமே அம்புட்டுத்தான் லா. நான் என்ன செய்ய?”

படம் ஏன் அம்புட்டுத்தான் என்பது தாய்லாந்துப் பத்திரிகைகளில் ஊரறிந்த கதை. படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போனது, செலவு கட்டுக்கு மீறியது. 2008 நடுவில் டோனி ஜா படப்பிடிப்பை விட்டுவிட்டு வாரக்கணக்கில் காணாமல் போனார். தயாரிப்பு நிறுவனத்துக்கும் அவருக்கும் பேச்சு முற்றி, அவர் தொலைக்காட்சியில் கண் கலங்கியதையும் பார்த்தார்கள். கடைசியில் பழைய குரு பன்னா வந்து கூட நின்று படத்தை ஒருவழியாக முடித்துக் கொடுத்தார். முடித்தார் என்பதைவிட, அறுத்துக் கொடுத்தார் என்பது சரி. அறுந்த இடத்தை ஒட்ட இன்னொரு படம் தேவைப்பட்டது. அதுதான் மூன்றாம் பாகம். சொல்ல ஒரு கதை இருந்து பிறந்த படம் இல்லை, பாக்கி வைத்த கணக்கைத் தீர்க்கப் பிறந்த படம்.

மூன்றாம் பாகம் எங்கள் வீட்டில் ஓடியபோது பாட்டிக்குக் கண் மங்கிவிட்டது, காது மட்டும் கூர்மை. படம் தொடங்குவது சிறையில். தியெனைக் கட்டிவைத்து அடிக்கிறார்கள். தடியால் கை கால் மூட்டுகளை ஒவ்வொன்றாக நொறுக்குகிறார்கள். எலும்பு முறியும் சத்தத்தை நன்றாகவே ஒலிப்பதிவு செய்திருக்கிறார்கள். பாட்டி முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார்: “இவனுக்கு என்னதான் வேணுமாம்?”

யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. பழிவாங்கப் போனவன் இரண்டாம் பாகத்திலேயே பாதிப் பழியை வாங்கிவிட்டான். மீதி எதிரியான ராஜசேனாவை இந்தப் பாகத்தில் வேறொருவனே கொன்றுவிடுகிறான். சாபம், கெட்ட கனவு, கறுப்பாகப் பாயும் மந்திரம் என்று படம் தன் பாட்டுக்குப் போகிறது. நாயகன் பெரும்பாலான நேரம் படுத்திருக்கிறான்.

சரி, படுத்திருக்கட்டும். நான் முதலில் சொன்ன மனக்குறைக்கு இப்போது வருகிறேன்.

தியெனை ஒரு கிராமத்துக்குத் தூக்கி வருகிறார்கள். ஊரார் பச்சிலை கட்டுகிறார்கள், துறவி தியானம் சொல்லித் தருகிறார். பிம் என்ற பெண், சின்ன வயதுத் தோழி, நடனம் ஆடுகிறாள். தியென் கோணிய கையும் வளைந்த முதுகுமாகத் தவழ்கிறான், எழ முயல்கிறான், விழுகிறான். அப்புறம் இசை. மலை, அருவி, பொன்னிற வெயில். அவன் மெல்ல ஆடுகிறான். இன்னும் கொஞ்சம் இசை. ஒற்றைக் காலில் சிலை மாதிரி நிற்கிறான். முடிந்தது, எலும்பு கூடிவிட்டது.

இதற்கு முந்தைய வருஷம் என் அப்பாவுக்குத் தோள் உடைந்தது. அவர் செம்பனை பழம் வெட்டுபவர். நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்துக்கொண்டே மட்டையை இழுத்து அறுத்து, குலையை அறுத்து, விழும்போது ஒதுங்க வேண்டும். முற்றிய மரத்துக் குலை இருபது கிலோவுக்கு மேலேயும் இருக்கும். ஒரு நாள் ஒதுங்கியது போதவில்லை. நேரே தலையில் விழாமல் தோள் ஓரத்தில் உரசிக்கொண்டு போனது, அவ்வளவுதான். அந்த உரசலுக்கே தோள்பட்டை எலும்பு முறிந்தது.

மருத்துவமனையில் கையைத் தொட்டில் கட்டி அனுப்பினார்கள். எலும்பு ஒட்டிக்கொண்டது. ஆனால் கை எழும்பவில்லை. பயிற்சி சொல்லித் தந்த பெண் ஒரு வழி காட்டினார்: சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் ஏறவேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், பல்லி ஊர்கிற மாதிரி. எங்கே வலி பிடித்து நிற்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். அப்பா சமையலறைச் சுவரைத் தேர்ந்தெடுத்தார். காரணம், அங்கே அம்மா இருப்பார், முனகினால் திட்டுவார், திட்டு வாங்கிக்கொண்டு செய்தால்தான் அவருக்கு ஓடும். விரல் நிற்கும் இடத்தில் நான் பென்சிலால் கோடு போட்டேன். முதலில் கோடுகள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே ஒன்றன் மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு கிடந்தன. சில நாள் முந்தின நாள் கோட்டுக்கும் கீழே இறங்கிவிடும். அன்றைக்கு அப்பா யாரோடும் பேச மாட்டார். ஏறுகிறபோதும் ஒரு அரிசி அகலம்தான். தோள் உயரத்துக்கு வந்த பிறகு ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நின்றது. சுங்கை பட்டாணியில் எண்ணெய் போட்டு நீவுகிற ஒருவரிடம் அம்மா கூட்டிப் போனார். அதில் கொஞ்சம் இளகியது என்று அப்பா சொல்வார், பயிற்சிக்காரப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. எப்படியோ, தலைக்கு மேலே ஒரு கோடு விழுந்த அன்று அப்பா அதை ஒன்றும் சொல்லாமல் பார்த்துவிட்டு, அம்மாவிடம் கோப்பி கேட்டார்.

அந்தச் சுவர்தான் ‘ஓங் பாக் 3’இல் இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. வேறு எந்தத் தொடரில் இப்படி நடந்திருந்தாலும் விட்டுவிடலாம். ஹாங்காங் வாள்படங்களில் ஆள் பறப்பான், மூலிகை குடித்து மூச்சைப் பிடித்தால் முறிந்த எலும்பு கூடும். அந்த உலகத்தின் சட்டம் அது, நாமும் கேட்க மாட்டோம். ஆனால் இந்த வரிசை எங்களிடம் வேறு வாக்குக் கொடுத்தது. இதோ பார், நெஜமாகவே செய்கிறேன், சந்தேகமா, இன்னொரு கோணத்தில் பார் என்றது. அடியை மூன்று தடவை காட்டியவர்கள், அடிபட்டவன் தேறுவதை ஒரு தடவைகூட ஒழுங்காகக் காட்டவில்லை. அவர்களிடம் இருந்ததோ தாய்லாந்திலேயே சிறந்த உடம்பு. விரலை ஒரு அரிசி அகலம் உயர்த்துவதை டோனி ஜா நடித்துக் காட்டியிருந்தால், எரியும் காலால் உதைத்ததைவிடப் பெரிய வித்தையாக இருந்திருக்கும். தவழும் அந்தச் சில காட்சிகளைப் பாருங்கள், அவரால் முடிந்திருக்கும் என்று தெரியும். விட்டிருந்தால் செய்திருப்பார். அருவியையும் வயலினையும் கொண்டுவந்து மூடிவிட்டார்கள்.

நடனம் தப்பு என்று சொல்ல வரவில்லை. அந்த யோசனை நல்ல யோசனை. இரண்டாம் பாகத்திலேயே அதற்கு விதை போட்டிருந்தார்கள்: தகப்பன் சண்டை கற்க ஆசைப்பட்ட மகனை நடனம் கற்கத்தான் அனுப்புகிறான். பழைய தாய் முகமூடிக் கூத்தான ‘கோன்’, அதாவது நம் ராமாயணத்தை அவர்கள் ஆடும் கூத்து, அதையும் முவே தாயையும் கலந்து ஒரு புதுச் சண்டை முறை. இதைக் கேட்டால் எங்கள் ஊரில் யாருக்கும் வினோதமாகப் படாது. எங்களுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் (பெண் பிள்ளைகளை ஓரமாக நிற்க வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார், அந்தக் கோபம் தனி) முதல் வாரங்களில் யார் கையிலும் கம்பே கொடுக்க மாட்டார். காலடி மட்டும்தான். மாரியம்மன் கோயில் திடலில் சுண்ணாம்பால் புள்ளி வைத்து, அதில் கால் மாற்றி மாற்றி வைக்கச் சொல்வார். பார்க்கிறவர்களுக்கு அது ஆட்டம். அப்புறம் சலாம் வரிசை. முவே தாய்க்காரன் சண்டைக்கு முன்னால் குருவை வணங்கி வட்டத்தைச் சுற்றி ஆடுகிறானே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். ஆட்டத்துக்கும் அடிக்கும் நடுவில் ஒரு கோடு இல்லை என்று காட்ட ஒரு படம் எடுக்கலாம். மூன்றாம் பாகம் அதை எடுக்கத் தொடங்கி, காலடியைக் காட்டாமல் நேரே அலங்காரத்துக்குப் போய்விட்டது.

வாத்தியாரிடம் அப்போதே இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினோம். கடைசிச் சண்டை வரை பொறுமையாகப் பார்த்தார். “புள்ளையாண்டான் நல்லா ஆடுறான், ஆனா இன்னும் கோவம் போகல” என்றார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று அண்ணனும் நானும் இன்னும் சண்டை போடுகிறோம். அண்ணன் அது பாராட்டு என்கிறான்.

பல வருஷம் கழித்து வரும் தொடர்ச்சியும் தேறும் என்பதற்கு ஜாக்கி சானே சாட்சி. ‘டிரங்கன் மாஸ்டர்’ 1978, அதன் இரண்டாம் பாகம் 1994. பதினாறு வருஷ இடைவெளி, ஆளுக்கு நாற்பது வயது. கடைசிச் சண்டையில் நெருப்புத் துண்டங்களின் மேல் தவழ்ந்து போகிறார், நெஜமாகவே. அங்கேயும் கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாட்டின் பழம்பொருளை வெளியே கடத்துகிறார்கள், இவன் தடுக்கிறான். அதே ‘சாமி தலை’ சமாச்சாரம்தான். குடித்தால்தான் சண்டை வரும், குடித்தால் அப்பா அடிப்பார் என்று ஒரு தடையும் வைத்திருக்கிறார்கள். வேண்டியது ஒன்று, கூடாதது ஒன்று. இரண்டும் இருந்தால் ஒரு சண்டைப் படம் நின்றுவிடும் என்பது என் கட்சி. மூன்றாம் பாகத்தில் தியெனுக்கு வேண்டியதும் தெரியவில்லை, கூடாததும் தெரியவில்லை. சண்டை போடலாமா கூடாதா என்று படத்துக்கே குழப்பம். பாதி நேரம் வன்முறை வேண்டாம் என்று போதிக்கிறது, கடைசியில் யானைகள் நடுவே நிறையப் பேரை அடித்து வீழ்த்துகிறது.

அந்தக் குழப்பம் டோனி ஜாவின் சொந்தக் குழப்பமாகவும் இருந்திருக்கலாம். படம் வெளியான அதே 2010 மே மாதம் அவர் சுரினில் துறவு மேற்கொண்டார். முதல் படம் எப்படி முடியும் என்று நினைவிருக்கிறதா? டிங் தலையை மழித்துத் துறவியாகி, யானை மேல் ஊருக்குள் வருவான். ஏழு வருஷம் முன்னால் திரையில் செய்ததை இப்போது வெளியில் செய்தார். பிற்பாடு திரும்பிவந்து கல்யாணம், ஹாலிவுட், ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ ஏழாம் பாகம் என்று போய்விட்டார். பன்னா 2014இல் இறந்தார். அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த ‘தோம் யாம் கூங் 2’ 2013இல் வந்தது, அதில் கணினி வேலை பளிச்சென்று தெரியும். அதைப் பற்றி எழுதுகிற அளவுக்கு எனக்குக் கோபம்கூட வரவில்லை. ‘ஓங் பாக் 3’ மேல் கோபம் வருகிறது என்றால் அது ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டு விட்டதால்தான்.

அண்ணன் மகன் இப்போது பதினாறு வயதுப் பையன். கைப்பேசியில் சண்டைத் துண்டுகளாகப் பார்த்தே வளர்ந்தவன். போன விடுமுறையில் மூன்று பாகத்தையும் வரிசையாகப் போட்டுக் காட்டினேன். இரண்டாவதுதான் சூப்பர் என்றான். மூன்றாவதில் எந்த இடம் சலிப்பு என்று கேட்டேன். “சலிப்பெல்லாம் இல்ல அத்தை. அவன் எப்படி எழுந்தான்னுதான் புரியல. ஏதாவது கட் பண்ணிட்டாங்களா?” என்றான்.

திருட்டு சிடி இல்லை, காசு கட்டிப் பார்க்கிறோம், முழுப் படமும் இவ்வளவுதான் என்றேன். நம்பாமல், நீளமான பதிப்பு எங்காவது இருக்கிறதா என்று தேடத் தொடங்கினான். நானும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.